ஆறாவது காபிக்கொட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சக்தி ராட்சசன் ஆவான். ஐந்து மணிக்குள் இரண்டு முறை ராணி ஆவான். நடுவில் ஒரு குதிரை, ஒரு சூனியக்காரி, சில சமயம் மழை. எல்லாமே குரல்தான். களத்தில் காபி காய்ந்துகொண்டிருக்கும். களத்தின் மூலையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தால் செல்போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் மேலே நடக்க வேண்டிய அந்த ஊரில், வேறு எங்கே நின்றாலும் அரைக் கோடுகூடக் கிடையாது.

"ஏஞ் சாமி, இன்னைக்கு யாரு சாகறாங்க?" என்று கேட்பாள் காளியாயி. பக்கத்துத் தோட்டத்துக்காரி. மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வீடு திரும்புவாள்.

"ஒரு ராட்சசனுங்க."

"நல்லாச் சாகட்டும்" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போவாள்.

சக்திக்கு முப்பத்துமூன்று வயது. ஒன்றரை ஏக்கர் காபி, நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, ஓட்டு வீடு ஒன்று. அப்பா போன பிறகு அம்மா சேலத்தில் அக்காவோடு தங்கிவிட்டாள். மலையேறினால் மூச்சு வாங்குகிறதாம். கல்யாணம் இரண்டு முறை பேச்சு வரைக்கும் வந்தது. "இதுக்கு மேல எப்பங்க ரோடு போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு முறையும் பெண் வீட்டார் இறங்கிப் போனார்கள்.

விளையாட்டு பிறந்தது ஊரடங்கு வருடத்தில். ஏற்காட்டில் அவனோடு பள்ளிக்கூடம் படித்த கிங்ஸ்டன்தான் முதலில் சொன்னான். கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஆளுக்கொரு வேஷம், ஆளுக்கொரு வித்தை. எல்லோரும் சேர்ந்து போய்க் கோட்டையைப் பிடிக்க வேண்டும். மலையில் அதற்குச் சிக்னல் பத்தாது. "அப்ப நான் வாயிலயே நடத்தறன்" என்றான் சக்தி.

மூன்று பேர் சேர்ந்தார்கள். கிங்ஸ்டன் பூட்டுத் திறப்பவன். ராஜ்குமார் வாள்வீரன், அவனும் பள்ளித்தோழன்தான், எஸ்டேட் தொழிலாளிகளின் லைன் வீட்டில் பிறந்தவன். சக்தியின் சித்தப்பா மகள் சுஜாதா வைத்தியச்சி. பிறகு ஊரடங்கு முடிந்தது. கிங்ஸ்டன் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனான். ராஜ்குமார் ஓசூரில் ஒரு கம்பெனியில் சரக்குத் தரம் பார்க்கும் வேலைக்குப் போனான். சுஜாதா அரூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சக்தி எங்கேயும் போகவில்லை. ஞாயிறு நான்கு மணி வாட்ஸ்அப் அழைப்பும் அவனும்தான் அந்தந்த இடத்திலேயே இருந்தார்கள்.

விதி சுலபம். ஒருவருக்கு ஒரு வித்தைதான். எதைச் செய்வதானாலும் சக்தி ஆறு காபிக்கொட்டைகளை எவர்சில்வர் தட்டில் உருட்டுவான். காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு வளர்வதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. மூன்றோ அதற்கு மேலோ தட்டை மேலாக விழுந்தால் நினைத்த காரியம் பலிக்கும். ஆறும் தட்டையாக விழுந்தால் உருட்டச் சொன்னவர் புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொள்ளலாம்.

நான்கு வருடத்தில் ஆறு விழுந்ததே இல்லை.

அந்தத் தை மாத ஞாயிற்றுக்கிழமையும் ராஜ்குமார் மட்டுமே வந்தான். தொடர்ந்து ஐந்தாவது வாரம்.

"மத்த ரெண்டு பேரும் எங்கடா?"

"வருவாங்க, இரு."

"போன வாரமும் இதேதான் சொன்ன. சரி, இப்ப நான் எங்க நிக்கறன்?"

சக்தி தொண்டையைச் செருமிக்கொண்டு கதைக்குரலுக்கு மாறினான். "மூடுகோட்டையின் வடக்கு வாசல். இரும்புக் கதவில் ஏழு பூட்டு. கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே..."

"மாப்ள, அஞ்சு வாரமா நனையறன். என்ற வாளு துருப்புடிச்சே போயிருக்கும்."

சக்தி சிரித்தான். ராஜ்குமார் சிரிக்கவில்லை.

"கிங்ஸ்டன் வந்தாத்தான பூட்டுத் தொறக்கும்? அவன் வரமாட்டான்டா. எனக்குப் பூட்டு வித்தையக் குடு. நானே தொறந்துக்கறன்."

"ஆறு விழுந்தாத் தர்றன்."

"எல்லா வித்தையும் ஒருத்தனே கத்துக்கிட்டா என்னடா கெட்டுப்போகுது? இங்க வந்து பாரு. ரூம்ல நாந்தான் சமைக்கறன், நாந்தான் துவைக்கறன், காச்சல் வந்தா நானே மாத்திரை வாங்கிப் போட்டுட்டு நானே நெத்தியத் தொட்டுப் பாத்துக்கறன். கூப்ட்டா வர்றதுக்கு ஆளிருக்கறவன் ஒரு வேலை தெரிஞ்சுட்டு உக்காந்திருக்கலாம். நமக்கு அது கட்டுமா?"

"எல்லாம் தெரிஞ்சுட்டா அப்பறம் யாரக் கூப்பிடுவ?"

"இப்ப மட்டும் கூப்ட்டு யாரு வந்தா?"

சக்தி கொட்டைகளைக் கையில் அள்ளினான். "உருட்டறன்" என்றான். கொட்டைகள் தட்டில் விழும் சத்தம் ஓசூர் வரைக்கும் கேட்டது.

"எத்தனை?"

"அஞ்சு."

ராஜ்குமார் கணக்குப் போட்டான். பிறகு, கம்பெனியில் அடிபட்ட சரக்கை ஒதுக்கி வைக்கும் குரலில் பேசினான். "ஒரு கொட்டை தட்டையா விழறதுக்குப் பாதி வாய்ப்பு. ரெண்டும் விழ நாலுல ஒண்ணு. அப்படியே ரெட்டிச்சுட்டே போ. ஆறுக்கு அறுபத்தி நாலுல ஒண்ணு. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு வெச்சாலும் நாலு வருசத்துல நானூறு தடவை உருட்டியிருக்கற. ஆறு தடவையாச்சும் விழுந்திருக்கோணும். ஒரு தடவைகூட விழுகல."

"அதிர்ஷ்டம்னு ஒண்ணு..."

"வீடியோ போடு."

"சிக்னல் பத்தாதுடா."

"போடு மாப்ள."

போட்டான். படம் நடுங்கியது, சதுரம் சதுரமாகச் சிதறியது. கடைசியில் தட்டின் மேல் வந்து அப்படியே உறைந்து நின்றது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் அதில் ஆறு காபிக்கொட்டைகளைத்தான் பார்த்திருப்பான். ராஜ்குமார், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காபி பொறுக்கியவர்களின் பிள்ளை.

"டேய்... அந்த ஆறாவது... அது பீபெரிடா!"

எப்போதாவது ஒரு பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே கொட்டை வளர்ந்துவிடும். பக்கத்தில் அழுத்துவதற்குத் துணை இல்லாததால் அது தட்டையாவதில்லை. மொத்த இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டையாக வளரும். அதற்குப் பெயர்தான் பீபெரி. எப்படிப் போட்டாலும் அது தட்டையாக விழாது. விழுவதற்குத் தட்டை இருந்தால்தானே?

"உனக்குத் தெரியுமா?" என்றான் ராஜ்குமார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ராஜ்குமார் நம்பியும் இருப்பான். சக்தி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உனக்குத் தெரியும். அப்படித்தான?" என்று ராஜ்குமாரே பதில் சொன்னான். அழைப்பு அறுந்தது. சிக்னலால் அல்ல.

ஐந்து நிமிடத்தில் நால்வரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. அந்தத் தட்டு. ஆறாவது கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

உள்ளதைச் சொன்னால், அது தவறில்தான் ஆரம்பித்தது. விளையாட்டின் முதல் நாள், இருட்டுகிற நேரத்தில் களத்திலிருந்து கைக்கு வந்த ஆறைப் பொறுக்கினான். மேல்தோல் போகாத கொட்டைகள், கவனிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் விரலில் உருண்டபோதுதான் தெரிந்தது. அன்றைக்கே எடுத்து எறிந்திருக்கலாம். எறியத்தான் போனான். ஆனால் அதே வாரம் ராஜ்குமார் விளையாட்டாக ஒன்று சொன்னான்: "எல்லா வித்தையும் எனக்கு வந்துட்டா நான் ஒத்தையாவே கோட்டையப் புடிச்சுருவன். நீங்கெல்லாம் ஊட்டுல படுத்துத் தூங்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். சக்திக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டை தட்டிலேயே இருந்துவிட்டது.

ஏனென்றால் அவனுக்கு அந்தக் கணக்கு நேரடியாகத் தெரியும். முன்பெல்லாம் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால் ஏற்காட்டிலிருந்து ஆண்டனி ராஜ் வருவார். வந்தால் அரை மணி வேலை. மீதி நேரமெல்லாம் பேச்சு. மதியம் சாப்பிட்டு, தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் வரை அலசிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குத்தான் இறங்குவார். நாலு முறை பக்கத்தில் நின்று பார்த்துச் சக்தி மோட்டார் வேலையைக் கற்றுக்கொண்டான். அன்றோடு சரி, ஆண்டனி ராஜைப் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. செடிக்கிளைகளைக் கவாத்து வெட்டவும், மிளகு ஏறிப் பறிக்கவும், ஓடு மாற்றவும் கற்றுக்கொண்டபோதும் அப்படித்தான். ஒவ்வொரு வேலையும் கைவந்தபோது, வாசலுக்கு வருகிற ஒரு முகம் குறைந்தது. இப்போது அவனுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் இரண்டாவது தம்ளர் கவிழ்த்தபடியே கிடக்கிறது.

விளையாட்டிலாவது அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தான். அவ்வளவுதான்.

படம் வந்த அந்த வாரம், திங்களும் செவ்வாயும் தொட்டி மேல் ஏறி ஏறி இறங்கினான். ராஜ்குமாருக்கு மூன்று முறை அடித்தான், எடுக்கவில்லை. கிங்ஸ்டனுக்கு அடித்தால் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. காபியைக் காலால் துழாவிவிட்டு, மறுபடி ஏறிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

புதன்கிழமை சுஜாதா கூப்பிட்டாள்.

"ஏனுங்ண்ணா, நாலு வருசமா எங்களை ஏமாத்திட்டீங்களாமா?"

"சுஜா, நான் என்னன்னா..."

"இருங்க, பையன் எதையோ முழுங்கறான்... துப்பு! துப்புடா!... ம், சொல்லுங்க."

சக்தி சொன்னான். ஒருவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் மற்றவர் எதற்கு என்று ஆகிவிடும்; பிறகு யாரும் வரமாட்டார்கள்; அதற்காகத்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது சின்னப்பிள்ளைப் பேச்சாகக் கேட்டது.

சுஜாதா முழுதாகக் கேட்டாள். "நான் ஏன் வர்றத நிறுத்தினேன்னு நெனச்சீங்க?"

"கொழந்தை, ஊட்டு வேலை..."

"அதெல்லாம் சாக்குங்ண்ணா. இங்க காலையில எந்திரிச்சா மாமியாருக்கு மாத்திரை, மாமனாருக்குக் கஞ்சி, இவனுக்கு இருமல் மருந்து. ஞாயித்துக்கெழமை ஒரு மணி நேரம் போனைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடுனா, அங்கயும் ரெண்டு தடியனுங்க அடிபட்டுட்டு வந்து நிக்கறானுங்க, கட்டுப் போடு சுஜான்னு. மூலிகை அரைச்சு அரைச்சுக் கதையிலகூட என்ற கை காச்சுப் போச்சு."

சக்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"ஒவ்வொரு வாரமும் அந்தத் தட்டுச் சத்தம் கேக்கும். இப்ப ஆறுன்னு சொல்லிருவாரு, இப்பச் சொல்லிருவாருன்னு காதை வெச்சுட்டு நிப்பன். ஆறு விழுந்தா வாள் வித்தைதான்னு எப்பவோ முடிவு பண்ணி வெச்சிருந்தன். ஒரே ஒருத்தன வெட்டோணும்ங்ண்ணா. ஒரே ஒருத்தன். நொம்ப நாளாவே."

"ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"ஆறு விழுந்தாத்தான்னு நீங்கதான சொன்னீங்க? சட்டம்னு நெனச்சேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது சக்திக்கு. அவர்களைப் பிடித்து வைக்க நினைத்துப் போட்ட பூட்டு ஒருத்தியைத் துரத்தியே விட்டிருக்கிறது. அது தெரியாமல் ஐந்து வாரமாக அவளுடைய மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கிங்ஸ்டனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சல்.

"மாப்ள, படம் பாத்தன். கொட்டைய மாத்தாத. அப்படியே கெடக்கட்டும். ராஜ்குமாருக்குப் பூட்டு மட்டும் குடுத்துராதடா. நான் வர்றதில்ல, தெரியும். ஞாயித்துக்கெழமைதான் இங்க கூட்டம், லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. ஆனா நான் வர்ற வரைக்கும் அந்தக் கதவு மூடித்தான இருக்குது? ஒருத்தன் அங்க நனைஞ்சுட்டே நின்னுட்டிருக்கறான்ல, எனக்காக? இங்க நூத்தம்பது பேர் வேலை பாக்கறம் மாப்ள. நான் இல்லீன்னா இன்னொருத்தன் நிப்பான், அன்னைக்கே. எனக்குன்னு அந்த ஒரு கதவு போதும்."

சக்தி அதை மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறை கேட்கும்போது, காளியாயி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தான்.

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா சாமி? மொகம் அப்படி இருக்குது."

"இல்லீங்க. ஒரு கதவைத் தொறக்கறதா வேண்டாமான்னு பேச்சு."

"யார் ஊட்டுக் கதவு?"

"கதையில வர்ற கதவுங்க."

காளியாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கம்மாவ வரச்சொல்லி ஒரு எட்டுப் பாக்கச் சொல்றன்" என்று நகர்ந்தாள்.

கவாத்துக் கத்தியோடு தோட்டத்துக்குள் போனான். வெட்டிக்கொண்டே யோசித்தான். கொட்டையை மாற்றினால் கிங்ஸ்டன் போய்விடுவான். மாற்றாவிட்டால் ராஜ்குமாரும் சுஜாதாவும் போய்விடுவார்கள். ஒரு பக்கம் இரண்டு தலை, ஒரு பக்கம் ஒன்று என்று எண்ணி முடிவெடுக்கிற விஷயமா இது? இரண்டு செடி வெட்டியதும் கிங்ஸ்டன் சொல்வது சரி என்று பட்டது. அடுத்த செடியில் சுஜாதா, 'சட்டம்னு நெனச்சேன்' என்றாள். அந்த வார்த்தைதான் அவனை விடவில்லை. கிங்ஸ்டன் கேட்பதைக் கொடுக்க வேண்டுமானால் சுஜாதாவை ஏமாற்றித்தான் கொடுக்க முடியும். தெரியாமல் ஏமாற்றிய காலம் வேறு. இனிமேல் ஏமாற்றினால் அது தெரிந்தே ஏமாற்றுவது. அப்படிப் பார்த்தால் இரண்டாவது மாதத்திலிருந்தே தெரிந்தேதான் ஏமாற்றியிருக்கிறான்.

சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி மேல் உட்கார்ந்து குழுவில் பேசிப் பதிவு பண்ணினான். கதைக்குரல் எதுவும் போடாமல், சொந்தக் குரலில்.

"கொட்டைய எடுத்து எறிஞ்சுட்டன். தப்பு என்மேலதான். ராஜ்குமார் கணக்குப்படி ஆறு தடவை விழுந்திருக்கோணும். மூணு பேருக்கு ஆளுக்கு ரெண்டு வித்தை வருது. மொத்தமே மூணு வித்தைதான் இருக்குது. அதனால இனிமே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நாளைக்கு நாலு மணிக்கு வாங்க."

சுஜாதா ஒரு வாள் படம் அனுப்பினாள். பிறகு இன்னும் ஆறு வாள்.

ராஜ்குமார், "சரி" என்று மட்டும் அனுப்பினான்.

ஞாயிறு காலை தொட்டி மேல் ஏறியபோது போனில் ஒரு வரி காத்திருந்தது. 'கிங்ஸ்டன் குழுவிலிருந்து விலகினார்.'

சக்தி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அடித்துப் பார்க்கலாமா என்று இரண்டு முறை பெயரை எடுத்தான். என்ன சொல்வது? கதவைத் திறக்கத்தான் போகிறார்கள். வா, வந்து பார் என்றா?

நான்கு மணிக்கு ராஜ்குமாரும் சுஜாதாவும் வந்தார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு விளையாட்டுக்குள் சுஜாதாவின் குரல்.

"சீக்கிரம் ஆரம்பிங்கண்ணா. பையன் தூங்கறான், இருபது நிமிசம்தான்."

"வடக்கு வாசல்," என்று தொடங்கினான் சக்தி. "மழை விட்டுவிட்டது. இரும்புக் கதவில் ஏழு பூட்டு."

"தொறக்கறன்" என்றான் ராஜ்குமார்.

திறந்தது. ஐந்து வாரமாக நின்ற கதவு ஒரே சொல்லில் திறந்துவிட்டது. உள்ளே மூன்று தலை ராட்சசன் படுத்திருந்தான். மூவரும் சேர்ந்து வந்தால் என்னென்ன நடக்கும் என்று சக்தி மூன்று மாதத்துக்கான சண்டையை மனதில் கட்டி வைத்திருந்தான். சுஜாதா ஒரு தலையை மயக்க மூலிகை தேடப் போக வேண்டும், கிங்ஸ்டன் சங்கிலியை அவிழ்க்க வேண்டும் என்றெல்லாம் கணக்கு.

"நீங்க தள்ளுங்க ராஜ்குமார் அண்ணா. இவன் என்னோட ஆளு" என்றாள் சுஜாதா.

வெட்டினாள். சக்தி அலறினான், மூன்று தலைக்கும் தனித்தனிக் குரலில். சுஜாதாவுக்கும் மூச்சிரைத்தது. அரூர் மாடியில் நின்றுகொண்டு அவள் கையை வீசுகிறாள் என்பது போனிலேயே தெரிந்தது. கொடியில் காயும் துணிதான் அடிபட்டிருக்க வேண்டும். ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்தது. மூன்றாவது தலை உருண்டபோது அவள் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த சிரிப்பு. அதைக் கேட்டதும், கொட்டையை எறிந்தது சரிதான் என்று சக்திக்குத் தோன்றியது. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"எனக்கு அடிபட்டிருக்குதுங்களா அண்ணா?"

"இடது தோளில் ஒரு கீறல்."

"நானே கட்டுப் போட்டுக்கறன்."

அதற்கப்புறம் கோட்டைக்குள் இரண்டு வழி பிரிந்தது. சக்தி அதை மூவரும் நின்று வாக்குவாதம் பண்ணுவதற்காக வைத்திருந்தான். சண்டை போட்டால் ஒரு வாரம் ஓடும்.

"நான் இந்தப் பக்கம் போறன், நீ அந்தப் பக்கம் போ சுஜா" என்றான் ராஜ்குமார். "ரெண்டு பேருக்குந்தான் எல்லாம் தெரியுமே. சீக்கிரம் முடியும்."

முடிந்தது. சக்தி இரண்டு கதையை மாற்றி மாற்றிச் சொன்னான். ஒருவர் கதை நடக்கும்போது மற்றவர் தன் பக்க மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். சுஜாதா புதையலை எடுத்தாள், பையன் எழுந்துவிட்டான், "நொம்ப நல்லா இருந்துதுங்ண்ணா!" என்று போனாள். ராஜ்குமார் பூட்டைத் திறந்து, காவலரை வெட்டி, காயத்துக்கு மருந்து போட்டு, ராணியை மீட்டு மேல்மாடத்துக்கு வந்து நின்றான். ஒரு வருடத்துக்கென்று வைத்திருந்த கோட்டை நாற்பத்தைந்து நிமிடத்தில் தீர்ந்தது.

"இப்ப என்ன?" என்றான் ராஜ்குமார்.

"புடிச்சாச்சு. அவ்ளோதான்."

"மேல நின்னா என்ன தெரியுது?"

சக்தி யோசித்தான். "காடு. மேகம். ஆள் யாரும் தெரியல."

"ம்." என்றான் ராஜ்குமார். "கிங்ஸ்டன் போயிட்டான்ல?"

"போயிட்டான்."

"நான் பூட்டு கேட்டது அவன் மேல கோவத்துல இல்லடா. நின்னு நின்னு வெறுத்துப் போச்சு." பிறகு சொன்னான்: "அடுத்த வாரம் எனக்கு ஓவர்டைம். அதுக்கடுத்த வாரம் பாக்கலாம், புதுக் கதை ஏதாச்சும் வெச்சிருந்தீன்னா."

"பாக்கலாம்" என்றான் சக்தி.

மணி நாலேமுக்கால். வழக்கமான நேரத்தில் இன்னும் கால் மணி மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கிங்ஸ்டனின் பெயரை எடுத்தான். இந்த முறை அழுத்தினான்.

கடைசி மணியில் எடுத்தான் கிங்ஸ்டன். "என்ன மாப்ள, தொறந்தாச்சா?"

"தொறந்துட்டான்."

"எத்தனை விழுந்துது?"

"உருட்டவே இல்ல."

"ம். உள்ள என்ன இருந்துது?"

"மூணு தலை ராட்சசன். சுஜாதா வெட்டிப் போட்டா."

"அடிப்பாவி" என்று சிரித்தான் கிங்ஸ்டன். சட்டென்று நிறுத்தினான். "சரி, இப்ப எதுக்குக் கூப்ட்ட? நாந்தான் குரூப்லயே இல்லியே. பூட்டும் இல்ல."

சக்தி தேடிப் பார்த்தான். கேட்க ஒரு வேலையும் இல்லை. "சும்மாதான்டா" என்றான்.

"சும்மாவா?"

"ஆமா."

கிங்ஸ்டனுக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை போலிருந்தது. சக்திக்கும் தெரியவில்லை. நாலு வருடமாக அவர்கள் பூட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். மழை பெய்கிறதா, சாவி உடைந்ததா, காவலன் தூங்கிவிட்டானா. அது இல்லாமல் பேச்சு எங்கே தொடங்குகிறது?

"டூட்டில இருக்கன் மாப்ள. இன்னும் பதினாறு ரூம் பாக்கி."

"சரி, வெச்சுரு."

"நீ வெய்யி."

யாரும் வைக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டிருப்பான் போல. தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. கதவு தட்டும் சத்தம். "ஹவுஸ்கீப்பிங்" என்றது கிங்ஸ்டனின் ஓட்டல் குரல். பதில் வரவில்லை. மறுபடி தட்டினான்.

மேற்கேயிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. களத்தின் அந்தக் கோடி மறைந்து, காபி மறைந்து, வெண்மை தொட்டி வரைக்கும் ஏறி வந்தது.

"ஏஞ் சாமி!" கீழே எங்கிருந்தோ காளியாயியின் குரல். "காபி நனையுது, மூடல?"

தார்ப்பாய் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. இறங்கினால் சிக்னல் போய்விடும். நான்கு நாள் காய்ந்த காபி. இன்றைக்கு நனைந்தால் மறுபடி முதலிலிருந்து. சக்தி வாய்திறக்காமல், மேகத்தில் அவள் கண்ணுக்குப் படாது என்று தெரிந்தும், கையை மட்டும் ஆட்டினான்.

சக்கரம் கிறீச்சிட்டது. அடுத்த கதவு.

"இருக்கறியாடா?" என்றான் கிங்ஸ்டன் மெதுவாக.

"இருக்கறன்."

தட்டினான். "ஹவுஸ்கீப்பிங்."